கரண்ட் இல்லாத நேரத்தில் பிறந்தவள்

ஸ்காட் மார்க்கெட்டில் எங்கள் கடைக் கண்ணாடியில்
பன்னிரண்டு மாதத்துக்கும் கல் ஒட்டிய அட்டை தொங்கும்.
முதலாளி பாங்காக்கிலிருந்து வாங்கி வந்தது.
பதினொன்று பிளாஸ்டிக்.
அக்டோபர் எப்போதோ உதிர்ந்து பசைத்தடம் மட்டும்.

வைரவன் வந்தபோது நல்ல மழை.
டலா படகில் கயிறு கட்டுகிறவன்;
வைரம் பேரில் இருக்கிறதே தவிர ஏப்ரலில் பிறக்கவில்லை.
ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு கேட்டான்:
"ஜூனுக்கு என்ன? ஜூலைக்கு என்ன?"

ஜூனுக்கு முத்து.
ஜூலைக்கு மாணிக்கம்.

"முத்துன்னா முடியும்.
மாணிக்கம்னா மோகோவுல எவன் வீட்டுக்காவது
பிள்ளையைத் தத்துக் குடுக்கணும்."
டாக்டர் சொன்ன தேதி இரண்டுக்கும் நடுவில்.

மெர்குய் முத்து ஒன்றை எடுத்து வைத்தேன், சற்றே கோணல்.
சனிக்கிழமைதோறும் வந்தான்.
ஐயாயிரம். மூவாயிரம்.
ஒரு வாரம் காசில்லை, தாளில் சுற்றிய கருவாடு.
காசை நோட்டில் எழுதினேன். கருவாட்டை எழுதவில்லை.
அஞ்சுகத்தின் வயிற்றிடம் தினமும் சொல்வானாம்:
சீக்கிரம் வந்துரு தாயி,
ஒண்ணாந்தேதிக்கு மேல அப்பனுக்குக் கட்டாது.

முப்பதாம் தேதி, புதன், ராத்திரி.
ஆஸ்பத்திரியில் கரண்ட் போயிற்று.
ஜெனரேட்டர் இருமி, பிழைத்து, மறுபடி இருமிச் செத்தது.
நர்ஸ் போனைப் பல்லில் கவ்விக்கொண்டு
அந்த வெளிச்சத்தில் பிள்ளையைக் கையில் வாங்கினாள்.
அவள் பல்லிடுக்கில் இருந்த மணியை
யாரும் பார்க்கவில்லை.
விளக்கு வந்தபோது பன்னிரண்டு இருபது.
பிள்ளை அழுது முடித்துத் தூங்கிவிட்டிருந்தது.

பிறகு தொடங்கியது கணக்கு.
பக்கத்துக் கட்டில் பர்மாக்காரி விரல் மடக்கினாள்:
பன்னிரண்டுக்கு முன் என்றால் ராகு,
கொம்பில்லாத யானை, பேர் யாவில் தொடங்கணும்.
பின் என்றால் வியாழன், எலி, பேர் பாவில்.
ஷ்வேடகோனில் எந்த மூலையில் தண்ணீர் ஊற்றுவது என்பதுவரை மாறும்.
ராகுவுக்குக் கோமேதகம், வியாழனுக்குப் புஷ்பராகம்
என்று யாரோ ஒத்து ஊதினார்கள்.
படுத்தபடியே அஞ்சுகம்:
"நம்ம கணக்குல விடியுற வரைக்கும் புதன்தான்.
ஆனி மாசந்தான்.
மனுசியத் தூங்க விடுங்க."

புதனுக்கு மரகதம் என்று
அவளிடம் எவரும் சொல்லத் துணியவில்லை.

ஃபாரத்தை நீட்டி நர்ஸ் கேட்டாளாம்:
என்ன தேதி போடட்டும்?

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.
என் கார்டில் ஜனவரி ஒன்று.
எங்கள் தெருவில் பதினேழு பேருக்கு ஜனவரி ஒன்று.
குமாஸ்தா பேனாவைத் திறந்ததுமே
அது தானாக எழுதிக்கொள்ளும்.
பேரும் அப்படித்தான்:
கார்டில் மா கின் தந்தா, வீட்டில் இலஞ்சியம்.
மழைக்காலத்தில் பிறந்தேன் என்று அம்மா சொல்வாள்,
எந்த மழை என்று சொல்லமாட்டாள்.
அட்டைப்படி என் கல் கார்னெட்.
பதினொரு வருஷமாக விற்கிறேன்.
விரலில் போட்டுப் பார்த்ததில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தான் வைரவன்.
மழை விட்டிருந்தது, அவன்தான் நனைந்திருந்தான்.
முத்தை எடுத்துப் பஞ்சில் வைத்தேன்.
தொடவில்லை.

"ஒண்ணாந்தேதின்னு எழுதச் சொல்லிட்டேன்க்கா."

நான் ஒன்றும் கேட்கவில்லை.

"இருட்டுல என்னைத் தவிர சாட்சி இல்ல.
பொறந்த அன்னைக்கே
அவ விலையைக் குறைக்க நானா?"

தட்டின் ஓரத்தில் மோகோத் துணுக்குகள் கிடக்கும்.
பட்டை தீட்ட உடம்பு போதாதவை.
எள்ளில் பாதி இருக்கும் ஒன்றை இடுக்கியில் எடுத்து
லென்ஸை அவன் கண்ணில் வைத்தேன்.
நெடுநேரம் பார்த்தான்.
"இதுவா?"
இதுதான்.
"உள்ள எரியுதேக்கா."

நோட்டில் முத்தை அடித்தேன்.
மேலே மாணிக்கம் என்று எழுதக் கோட்டில் இடம் போதவில்லை,
கடைசி இரண்டு எழுத்து ஓரத்தில் ஏறிக்கொண்டது.
கட்டிய தொகையைக் கூட்டினேன். ஆறாயிரம் குறைந்தது.
பக்கத்தைப் பின்னால் புரட்டி
அந்தச் சனிக்கிழமையைத் தேடிப் பிடித்தேன்.

கருவாடு என்று எழுதி
எதிரே ஆறாயிரம் போட்டேன்.