இன்றைக்கு இடப்பக்கம்

பீலியில் சுண்டுவிரல் தடிமனுக்குத்தான் தண்ணீர்.
வீட்டுக்கு நாலு வாளி.
பரிபூரணம் பாறையில் கல்லால் கோடு கிழித்து எண்ணுகிறாள்.
ஐந்தாவதை நான் கேட்கவில்லை.
நாலாவதில் பாதி எங்கே போகிறது என்பதுதான்
லயம் முழுக்கப் பேச்சு.

கச்சான் தொடங்கி நாற்பத்தொரு நாள்.
ஊவாப் பக்கத்து மலையெல்லாம்
தேயிலை கருகின அப்பளமாய் நொறுங்குகிறது.
கல் கானுக்குள் ஓணான் படுத்திருக்கிறது.
இதிலே கொடிக்கு என்னடி தண்ணி என்கிறார்கள்.

லயத்தில் திராட்சை என்போம்.
தடி கொடுத்த சுன்னாகத்துக்காரர் முந்திரிகை என்றாராம்.
உருளைக்கிழங்கு இறக்கிவிட்டு
வெறும் லொறியில் திரும்பிய சவரியான்
ஈரச்சாக்கில் சுற்றி மூன்று தடி கொண்டுவந்தான்.
ஒன்றை ஆடு தின்றது.
ஒன்று பனியில் கறுத்தது.
மூன்றாவது, காம்பராவின் பின்சுவரோரம்
பழைய தந்திக் கம்பியைப் பிடித்து நிற்கிறது.

முதல் இரண்டு வருஷம் சுற்றிலும் ஊற்றினேன்.
சம்பள நாள் குடிகாரன் மாதிரிக் குடித்தது.
இலைக்கு மேல் இலை விட்டு
இன்னும் கேட்டது.

போன வருஷக் காய்ச்சலில்
எனக்குக் கணுக்கால் பிசகி
கானைத் தாண்டி வலப்பக்கம் போக முடியவில்லை.
இடப்பக்கமே ஊற்றினேன், பதினைந்து நாள்.
வலப்பக்கம் மண் வெடித்து
பீங்கான் கோப்பை உடைந்ததுபோல் கிடந்தது.

கொடி சாகவில்லை.
தளிர் விடுவதை நிறுத்திக்கொண்டது,
இலைகள் வாயைப் பொத்திக்கொண்டன.
காய்ந்த வேர் மேலே ஆள் அனுப்பியிருக்க வேண்டும்,
பஞ்சம், பார்த்துச் செலவழி என்று.
நனைந்த வேர் அதைக் காட்டிக்கொடுக்காமல்
அடியில் குடித்துக்கொண்டிருந்தது.

கால் ஆறியதும் பக்கம் மாற்றினேன்.
இரண்டு கிழமை இது, இரண்டு கிழமை அது.
மறக்காமலிருக்கச் சுவரில் கரியால் ஓர் அம்பு.

இப்போது ஊற்றுவதும் இல்லை.
மூடியில் ஊசி குத்திய சோடாப் போத்தலைக்
கவிழ்த்து நடுகிறேன். சொட்டும்.
மேலே ஒரு சாண் மாணாப்புல் மூடாக்கு,
வெயில் எட்டிப் பார்க்காமலிருக்க.

பத்தொன்பது வருஷம் கொழுந்து கிள்ளிய விரல்
பிஞ்சுக் குலையைக் கிள்ள மட்டும் நடுங்கியது.
பதினேழில் ஆறை விட்டேன்.
மடியில் விழுந்த பச்சை மணிகளைப்
புளிக்குப் பதிலாகக் கருவாட்டுக் குழம்பில் போட்டேன்.
சவரியான் இன்னொரு அகப்பை கேட்டான்.
என்ன புளி என்று கேட்கவில்லை.

கொழும்பில் மெஷின் தைக்கிற நிரஞ்சலாவின் காசும்
இப்படித்தான்.
ஒரு மாதம் சங்கக் கடனுக்கு,
ஒரு மாதம் தம்பியின் டியூசனுக்கு.
எந்தப் பக்கம் இப்போது காய்கிறதென்று
அவளுக்கும் தெரியும் எனக்கும் தெரியும்.
போனில் மழையைப் பற்றிப் பேசுவோம்.

நேற்று பொழுது சாய பரிபூரணம் வந்தாள்.
சண்டைக்கென்றே வந்த நடை.
வாளியை எட்டிப் பார்த்தாள்.
“அரிசி களைஞ்ச தண்ணியா?”
“அதும்தான். பீலித் தண்ணியும் இருக்கு.”
பொய் சொல்லியிருக்கலாம்.

வலப்பக்க வெடிப்பில் கால் பெருவிரலை விட்டுப் பார்த்தாள்.
“இந்தப் பக்கம் சாகுதே.”
“சாகல. தகவல் சொல்லிக்கிட்டு இருக்கு.”
என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.
கோடு கிழிக்கிற கல் இன்னும் அவள் கையில் இருந்தது.

போகிற போக்கில்
ஆறில் ஒரு குலையிலிருந்து ஒரு மணியைப் பிய்த்தாள்.
கோலிக்குண்டில் பாதி, தோல் தடித்தது.
கடித்தாள், ஒரு கண்ணை மூடினாள்,
நின்றாள்.
இன்னொன்றைப் பிய்த்தாள்.

கொட்டையைத் துப்பியது வலப்பக்கம்.
அந்த எச்சில் பட்ட இடம் மட்டும்
கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்தது.

திங்கட்கிழமை அம்பைத் திருப்ப வேண்டும்.