பழச்சீனி

போத்தலைக் கமக்கட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தார்
களுவாஞ்சிக்குடியிலிருந்து,
குஞ்சு பொரிக்கப்போகும் முட்டைபோல்.
"கல்லடிப் பாலத்தில நெரிசல், தங்கச்சி.
ஐம்பத்தஞ்சு நிமிசம். பிந்தல்லதானே?"
ஒட்டுத்தாளில் வ. கோணேசமூர்த்தி.
மனைவியின் உருண்டைக் கையெழுத்து.

அளவு ஒரு மில்லிலீற்றருக்கும் குறைவு.
நுணுக்குக்காட்டியில் ஒன்றுகூட நீந்தவில்லை.
ரெசோர்சினோல் விட்டுக் கொதிநீரில் நிறுத்தினேன்.
ஒப்பீட்டுக் குழாய் மாதுளையாய்ச் சிவந்தது.
இவருடையது
வெளிறியபடியே நின்றது.
இன்னொருதரம் செய்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

"பழச்சீனி இல்லை.
மிச்சத்தை டொக்டர் சொல்லுவார்."

அவர் முகம் விடிந்தது.
"சீனி இல்லையா?
அப்பாட காலை எடுத்ததே அந்த வருத்தந்தான்!"

திருத்த வாயெடுத்தேன்.
வாங்கிலிருந்து அவள் எழுந்து வந்தாள்,
ஒன்பது வருசமாய் வேர் அவித்துக் குடித்தவள்,
மாமாங்கத்தில் தொட்டில் கட்டியவள்,
ஸ்கேன், குழாய்ப்படம், ஹோர்மோன் என்று
கோப்பு தடித்துப்போய் றப்பர் வளையம் போட்டிருந்தவள்.

தாளை வாங்கி
நின்றபடியே வாசித்தாள்.
அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

பிறகு வளையத்தைக் கழற்றி
அவருடைய அந்த ஒற்றைத் தாளை
எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

"பசிக்குதா?" என்று கேட்டாள் அவரிடம்.