சிவப்புக் கயிறு

பத்தொன்பது குளிர்காலமாய் என் தலைக்கு மேல்
ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறது.
இழுத்தால் பெல்ட் நிற்கும்.
யாரும் இழுக்கலாம் என்று
சுவரில் நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது.
நான்கிலும் அது பொய்.

ஒருமுறை கொக்கியை நீட்டி இழுத்தேன்.
கத்தியின் முனை முறிந்து
காட் மீனின் வெள்ளைச் சதைக்குள் எங்கோ போயிருந்தது.
ஹால்வர் மாடிக் கண்ணாடியை விட்டு இறங்கி வந்தார்.
கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.
"எத்தனை கிலோ போயிற்று தெரியுமா, ஐலு?"
அடுத்த திங்களிலிருந்து எனக்கு ஐஸ் கொட்டகை.
தண்டனை என்று யாரும் சொல்லவில்லை.
இரண்டு மாதம்
என் விரல்கள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தன.

பிறகு தெற்கே பெர்கனிலிருந்து தூரிட் வந்தார்,
கசங்காத பூட்ஸோடு.
தலைமை என்றார், பண்பாடு என்றார்,
திரையில் அம்புகள் வட்டமாய் ஓடின.
நாங்கள் இலவச வாஃபிளைத் தின்றோம்.
வாஃபிள் நன்றாகத்தான் இருந்தது.

பதினோரு வாரம்.
நிறுத்தப் பதிவேட்டில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
ஹால்வராக இருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.
இவரோ ஏட்டைப் புரட்டிப் புரட்டி
முகம் வெளுத்தார்.
"இவ்வளவு மீன் போகிற இடத்தில்
ஒரு தப்பு கூடவா கண்ணில் படவில்லை?"
எங்களுக்குத் தரை மிகவும் பிடித்துப்போனது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிசம்பர். நண்பகலிலும் இருட்டு.
வேலைக்கு வந்து ஆறே நாளான யுர்கிதா
எம்பி இழுத்துவிட்டாள்.

எல்லாம் நின்றது.
எல்லாம் நின்றால்தான் தெரிகிறது
அந்தக் கூடத்துக்குள் கடல் கேட்கும் என்று.
அப்புறம் இரும்புப் படிக்கட்டில் காலடி.
இருபத்திரண்டு படி; என் உடம்பு எண்ணியது.
கையுறைக்குள் என் கை தானாகச் சுருண்டது.

"ஏதோ மின்னியது" என்றாள் யுர்கிதா,
லிதுவேனியாவின் உதடுகளில் எங்கள் மொழி நடுங்க.
தேடினோம். நான்கு நிமிடம். முந்நூறு கிலோ.
கிடைத்தது ஒரு செதில்.
வெறும் செதில்.

தூரிட் அதை விரல் நுனியில் வைத்து
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஆமாம், மின்னுகிறது" என்றார்.
பிறகு பதிவேட்டைத் திறந்து
காரணம் என்ற கட்டத்தில்
தன் கையால் ஒரே சொல் எழுதினார்:
பார்த்தாள்.

இதனால் உலகம் மாறிவிடவில்லை.
யுர்கிதாவை அடுத்த நாள் 'செதில் ராணி' என்றான் ஒருவன்;
சிரித்தவர்களில் நானும் உண்டு.

ஜனவரியில் ஒரு விடியாத காலை,
பெல்ட் வெறிபிடித்து ஓடியது.
தூரிட் ஓடிவந்தார், கை நீட்டினார்,
எட்டவில்லை.
மீன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, ஏறி, வழுக்கி,
மறுபடி ஏறி இழுத்தார்.
"வேகத்தைக் கூட்டச் சொன்னது நான்.
தப்பு என்னுடையது."
பெட்டி மேல் நின்றபடியே சொன்னார்.
பிறகு அண்ணாந்து கயிற்றைப் பார்த்தார்.
நாங்களும் பார்த்தோம்.
பத்தொன்பது வருடமாய் அது
யார் கைக்கும் எட்டாத உயரத்தில்
முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

மறுநாள் முழம் நீளம் கூடியிருந்தது.

மார்ச்சில் சூரியன் திரும்பியிருந்தபோது
அவர் இரண்டு வாரம் விடுப்பில் போனார்.
திரும்பியதும் கோட்டைக்கூடக் கழற்றாமல்
பதிவேட்டில் விரலை ஓட்டினார்.
ஒன்பது நிறுத்தங்கள்.
"யாருமே எனக்குப் போன் பண்ணவில்லையே?"
கேட்ட முகத்தில் சிறியதாய் ஏதோ சரிந்தது;
தேவைப்படாமல் போனவரின் ஏமாற்றம்.
அதை அவர் மறைக்கவில்லை.
சரிந்ததை அப்படியே விட்டுவிட்டு
மெல்லச் சிரித்தார்.

விரல் ஒன்பதாவது வரியில் நின்றது.
கோணல் எழுத்து, என்னுடையது.
நிறுத்தம்: ஒரு நிமிடம்.
கிடைத்தது: ஒன்றுமில்லை.
காரணம்:
சந்தேகம்.