ஒரு துண்டுக்கு எழுபது

நூறு நாள் லைன் நிற்காமல் ஓடியதற்குக்
கம்பெனி கொடுத்த விருந்து.
தடாவில், நெடுஞ்சாலையை ஒட்டி,
லாரி டயர் கடைக்கும் சோடாக் கடைக்கும் நடுவே
மூன்று மாடி ஓட்டல்.
கதவில் ஜப்பான் எழுத்து, அடியில் தெலுங்கு.
தமிழுக்கு இடம் போதவில்லை போல.

தொண்ணூறு நிமிடம்,
எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்.
மேசைமேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் இன்னொரு வரி:
தட்டில் மிஞ்சினால்
ஒரு துண்டுக்கு எழுபது ரூபாய்.

சாப்பாடு கம்பெனி கணக்கு,
மிச்சம் உங்கள் கணக்கு
என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார் எச்.ஆர்.

சூளூர்ப்பேட்டை பெஞ்சலய்யா
கல்யாணப் பந்தியில் நெய் ஊற்றுகிறவன் கையைப் பிடித்து
இன்னும் கொஞ்சம் சாய்க்கிற வம்சம்.
முதல் நடையிலேயே முப்பத்து நான்கு,
தட்டில் இரண்டு மாடி கட்டி எடுத்துவந்தான்.
பச்சை விழுதைக் கோங்கூரா என்று நம்பி
ஒரு உருண்டை போட்டுக்கொண்டு
கண்ணும் மூக்கும் ஒன்றாய்த் திறக்க,
இது காரமில்லம்மா, ஜலதோஷம் என்றான்.

தேசப்பன் வெள்ளரிக்காய் வைத்ததை மட்டும்
பொறுக்கிக்கொண்டிருந்தான்.
சனிக்கிழமை.

நான் மீனில் பிறந்தவள்.
அண்ணன் வலை போடும் ஏரி
இங்கிருந்து கூப்பிடு தூரம்.
இந்த ஆரஞ்சு மீனோ விமானத்தில் வந்ததாம்.
நாக்கில் வைத்தேன்.
குளிராக, வழவழப்பாக,
என்னைத் தெரியாதது மாதிரி இறங்கியது.
இரண்டாவது இறங்கவில்லை.

உருட்டிக்கொண்டிருந்தவன் காலிம்போங் பையன்.
ஜப்பானைப் பார்த்ததில்லை.
கடலையே போன வருஷம்தான் பார்த்தானாம்,
தூபிலிபாளையத்தில்.

எதிரே ஹிராயாமா சான்.
பிரேக் டிஸ்க்கின் முகத்தில் மயிரிழை கோடு இருந்தாலும்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி
என்.ஜி. என்கிறவர்.
அந்த வாரம் மட்டும் இருநூற்றுப் பதினொன்று.
ஒரு துண்டை எடுத்து
விளக்குக்கு நேரே திருப்பினார்.
சோறு ஒருபக்கம் சரிந்திருந்தது.
நாங்கள் மூவரும் மெல்லுவதை நிறுத்தினோம்.
வாயில் போட்டுக்கொண்டார்.
வெகுநேரம் மென்றார்.
ஒன்றும் சொல்லவில்லை.

எண்பதாவது நிமிடம்
பெஞ்சலய்யா தட்டில் பத்தொன்பது.
ஆயிரத்து முந்நூற்று முப்பது,
அவன் பைக் தவணையில் பாதி.
டிஷ்யூவில் நான்கைச் சுற்றினான்.
என் பர்ஸுக்குள் ஒன்று வந்து விழுந்தது.
பூனை ஏதாவது இருக்கிறதா என்று
மேசைக்கு அடியில் குனிந்தான் தேசப்பன்.
பரிமாறும் பெண் எங்களைப் பார்க்காமல் பார்த்தாள்.

சாலு, என்றார் ஹிராயாமா.
அவருக்குத் தெரிந்த ஒரே தெலுங்கு.
தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.
டிஷ்யூவைப் பிரித்து நான்கையும் வைத்தார்.
என்னைப் பார்த்தார்.
பர்ஸைத் திறந்தேன்.

சரிந்தது, உடைந்தது, பாசி கிழிந்தது,
என் பஸ் பாஸில் ஒட்டிக்கொண்டு வந்தது,
எதையும் விளக்குக்குக் காட்டாமல்
ஒவ்வொன்றாக.
பதினான்காவதில் கண்ணை மூடினார்.
பதினேழில் பெல்ட்டைத் தளர்த்தினார்.
காலிம்போங் பையன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு
நின்று பார்த்தான்.

ஆரம்பாக்கம் செக்போஸ்ட் தாண்டியதும்
வேனை நிறுத்தச் சொன்னார்.
இருட்டுக்குள் போய்விட்டு வந்து
பன்னீர் சோடா கேட்டார்.
இது தமிழ்நாடா?
ஆமாம் சார்.
போதும், என்றார்.
சோடாவையா, எதையென்று தெரியவில்லை.
எனக்கோ பசி. பக்கத்துக் கடையில்
இரண்டு தோசை சாப்பிட்டேன், கெட்டிச் சட்னியோடு.
அவர் சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

திங்கட்கிழமை காலை, முதல் டிரேயிலேயே
மூன்று என்.ஜி.
பெஞ்சலய்யா வாயே திறக்காமல்
ஸ்டிக்கரை வாங்கித் தானே ஒட்டினான்.
ஒன்று கோணலாக விழுந்தது.
அதையும் பிரித்து ஒட்டச் சொன்னார்.