செல்லாத காசு

பால்டிமோர். ஏல விடுதியின் மூன்றாம் மாடி.
பார்வை நேரம் ஐந்து மணியோடு சரி.
விளிம்பை மட்டும் பிடித்து
விளக்கடியில் சாய்க்கிறார் ஆர்வில் ஸ்டாஃபர்:
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து, அரை டாலர்.
கூந்தல் அவிழ்ந்தவளின் கன்னத்தில்
தேய்மானமே இல்லை.
ஓரத்தில் நீலம், கொஞ்சம் கத்தரிப்பூ நிறம்,
இருநூறு வருடக் காற்று ஏற்றிய சாயம்.

ரொட்டி வாங்காத காசு.
சூதில் தோற்காத,
மதுக்கடை மேசையில் சுழலாத,
பிணத்தின் இமைமேல் வைக்கப்படாத காசு.
எங்கும் செல்லாததால்
இன்று ஒரு வீட்டின் விலை.
அவருடைய வீட்டின் விலை.
வெர்னாவிடம் இன்னும் சொல்லவில்லை.

லென்ஸை இறக்குகிறார்.
கழுகின் மார்பில் நான்கைந்து கோடுகள்.
கீறலா?
இல்லை. அச்சில் ஏறும் முன்பே
எடை கூடுதலென்று
யாரோ ஒருத்தி அரத்தால் ராவியது.
குளிர்காலமாக இருந்திருக்கும். விரல் விறைத்திருக்கும்.
கடைசிக் கோடு கோணல்.

எந்தக் கையும் படாததைத் தேடி
முப்பத்தொரு வருடம்.

"மிஸ்டர் ஸ்டாஃபர், நேரமாச்சு."
தட்டை வாங்க வந்த பெண் காத்து நிற்கிறாள்.
இன்னும் அந்தக் கோணல் கோட்டிலேயே
இருக்கிறார் அவர்.