உரக்க வாசிக்க வேண்டும் என்பது சட்டம்

ஸ்டாடே நகரில், மீன் சந்தைக்கு மேலே
இரண்டாம் மாடியில் என் நோட்டரி அலுவலகம்.
கல்யாணத்துக்கு முன்பான ஒப்பந்தம் என்றால்
இருவரும் நேரில் வர வேண்டும்.
முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை
நான் உரக்க வாசிக்க வேண்டும்.
வாசிக்காத தாள் செல்லாது.
இருபத்திரண்டு வருடமாக
தொண்டையில் பெப்பர்மிண்டோடு
பிறர் கல்யாணங்களை வாய்விட்டுச் சொல்லி வருகிறேன்.

த்யார்க் தூங்கவில்லை.
ராத்திரி உறைபனி.
பதினோரு ஹெக்டேர் ஆப்பிள் பூவுக்கும்
விடிய விடியத் தண்ணீர் தெளித்திருக்கிறான்.
வீப்கெவுக்கு ஐந்து மாதம்.
கோட்டின் மூன்றாம் பொத்தான்
துளைக்கு எட்டவில்லை.

பிரிவு ஒன்று: தோப்பும், நாளை ஏறப்போகும் அதன் விலையும்
கணக்கில் சேராது.
பிரிவு இரண்டு: புக்ஸ்டெஹூடெ ஃபிளாட்டும்
அதன் மீதிக் கடனும் அவளுடையவை.
பிரிவு மூன்று: சேர்ந்து வாங்குவது சரிபாதி.

"செப்டம்பரில் பிரிந்தால்
மரத்தில் தொங்குகிற பழம் யாருக்கு?"
த்யார்க் சிரித்தான்.
நான் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

ஆயிரங்காலத்துப் பயிர்தான், இல்லை என்று யார் சொன்னது?
ஆனால் அவன் தோப்பில் ஒரு மரத்துக்கு
இருபது வருடம்.
அப்புறம் வேரோடு பிடுங்கி
வேறு நடுவார்களாம்.

பிரிவு நான்கு:
குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் காலத்திலும்
மனைவி ஜீவனாம்சம் கேட்கமாட்டாள்.

காகிதத்தில் அது ஒரு வாக்கியமாக இருந்தது.
அறையில் சொன்னதும்
ஓர் ஆளாக எழுந்து நின்றது.

"கையெழுத்துப் போடலாம்," என்றேன்.
"ஆனால் ஒருநாள் நீதிபதி கேட்பார்,
அன்றைக்கு எத்தனை மாதம் என்று.
இந்த ஒன்று விழும்போது
மற்ற பிரிவுகளையும் இழுத்துக்கொண்டு விழலாம்."

"யார் எழுதியது?"
"அப்பாவின் கணக்காளர்."
"நீ படித்தாயா?"
"படித்தேன்.
இப்போதுதான் கேட்கிறது."

பேனாவை எடுத்து அவனே அடித்தான்.
அடித்தது செல்ல
அடித்ததையும் நான் வாசிக்க வேண்டும்.
வாசித்தேன்.

எனக்கும் ஒரு கல்யாணம் இருந்தது.
தாள் எதுவும் இல்லை, நம்பிக்கை இருந்தது.
ஒரு பியானோவை
மூன்று வருடம் பங்கிட்டோம்.

புதுப் பக்கம் அச்சாகும்வரை
வீப்கெ கேட்டாள்:
பனிக்குப் பயந்து பூமேல் ஐஸையே போர்த்துகிறாயே,
செத்துவிடாதா?
சாகாது என்றான்.
தண்ணீர் உறையும்போது கொஞ்சம் சூடு விடும்,
உள்ளே மொட்டுக்கு அது போதும்.
வெயில் வரும்வரை தெளிப்பதை மட்டும்
நிறுத்தக் கூடாது.

அவள் அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள்.
இன்னும் சில்லென்றுதான் இருந்திருக்கும்.

கையெழுத்துக்கு முன்
"முதலிலிருந்து இன்னொரு தரம் வாசிப்பீர்களா?
கொஞ்சம் மெதுவாக."

சட்டம் அப்படிச் சொல்லவில்லை.
இன்னொரு பெப்பர்மிண்ட் எடுத்துக்கொண்டேன்.