நூற்று மூன்று புள்ளி நான்கு

உபியில் ஐந்தாம் மாடி. குளிர்சாதனம் பதினெட்டில்.
ஹஸ்வான் திரையைத் திருப்பிக் காட்டுகிறான்.
வானொலியின் பெயர் சாரல்.
அவனுக்கு அது ஐந்து உருவங்கள்.
"நடுவில் இருக்கிற இரண்டும் ஒன்றுதானே,
ஒன்றை வரைந்து
மற்றதை ஒட்டிவிட்டேன்."

இல்லை ஹஸ்வான்.
ஒன்று கால், மற்றது எழுத்து.
கால் தனியாக ஒலிக்காது,
முன்னால் நிற்பவனை நீட்டிச் சொல்ல வைக்கும், அவ்வளவுதான்.
எழுத்துக்கு அடியில் சின்னதாய் ஒரு சாய்வு உண்டு, பார்.

நானூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தான்.
"ஓ, வால்."
சரி, வால்.
நாற்பது வருடமாக வாசிக்கிறேன்,
அது வால் என்று எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

என் வேலை பிழை பார்ப்பது.
மணிக்கு முப்பது வெள்ளி.
கூட்டத்தில் எனக்கு நாற்காலி உண்டு, வாக்கு இல்லை.

வெய் திங் பட்டியலை வாசித்தாள்:
இளமையாக வேண்டும், வேகமாக வேண்டும்,
கைப்பேசியில் நகக்கண் அளவிலும் தெரிய வேண்டும்.
நகக்கண் அளவில்
ல் மேலிருந்த புள்ளி தூசியாகத் தெரிந்தது.
விரலால் திரையைத் துடைத்தாள்.
போகவில்லை.
"எடுத்துவிடலாமா?"

எடுத்தால் சாரல என்று
பல்மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்தவரைப் போல
திறந்த வாயோடு நிற்கும், என்றேன்.
புள்ளிதான் அந்த ஒலியை நிறுத்துகிறது.
"இருபத்துநாலு மணி நேர வானொலி,
எதற்கு நிற்கணும்?"
சந்தைப்படுத்தும் பிரிவின் அருள்தாஸ் கேட்டார்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.
நல்ல வரி அது.

அப்புறம் அலைவரிசைக்கு வந்தோம். 103.4.
"இந்தப் புள்ளியில் கை வைக்காதீங்க,
ஆயிரத்து முப்பத்துநாலுக்கு
எந்த வானொலிப் பெட்டி போகும்?"
எண்ணில் இருந்தால் அவசியம்
எழுத்தில் இருந்தால் தூசி
என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.
வாய்விட்டுச் சொல்ல
முப்பது வெள்ளி போதாது.

எல்லோரும் கோப்பி வாங்கப் போனபோது
ஹஸ்வான் கேட்டான்:
"எழுத்தின் மேல் இருப்பதற்கு என்ன பெயர்?"
புள்ளி.
"எண்ணில் இருப்பதற்கு?"
அதற்கும் புள்ளிதான்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கீழே கிடந்த எண்ணைத் தூக்கிப் பெயருக்கு மேல் வைத்தான்,
கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினான்,
இன்னும் கொஞ்சம்.
மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலிருந்த புள்ளி
நேராக ல-வின் தலையில் வந்து உட்கார்ந்தது.
ஒரே புள்ளி. இரண்டு வேலை.
பதினோரு நிமிடத்தில் ஒப்புதல்.
கோப்பி ஆறவில்லை.

ஏழு மாதம் கழித்து
உட்லண்ட்ஸில் சாலை கடக்க நின்றபோது
சாரலின் வேன் சிவப்பு விளக்கில் வந்து நின்றது.
கதவில் ஒட்டியிருந்த சின்னத்தில்
அந்த ஒன்றை மட்டும் காணோம்.
ஐந்து காசு அகலத்துக்குத் தனியாக வெட்டி ஒட்டியது,
எந்தக் கார் கழுவுமிடத்தில் உரிந்ததோ.
1034 சாரல.

சரியாக அந்த இடத்தில்
ஒரு மழைத்துளி விழுந்தது என்று எழுத ஆசைதான்.
விழவில்லை. நல்ல வெயில்.
ஓட்டுநர் கறிபஃப் தின்றுகொண்டிருந்தார்,
கண்ணாடி இறங்கியிருந்தது.
உள்ளே ஒரு பெண்குரல்
நூற்று மூன்று புள்ளி நான்கு, சாரல்
என்று சொல்லி
நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியது.

படமெடுத்து ஹஸ்வானுக்கு அனுப்பினேன்.
தமிழில் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாதவன்.
பச்சை விழுவதற்குள் பதில் வந்தது:
"புளி எங்கே?"

ஆங்கில எழுத்தில் அடித்ததில்
ஒரு எல் விட்டுப்போயிருந்தது.
என் வேலை பிழை பார்ப்பது.
திருத்தவில்லை.